டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் பேப்பர் உருளையைச் சுற்றுகிற அந்த நாபைத் திருகாதே என்று எத்தனை தடவை சொல்வது?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறரை மணி. கம்பம் போகிற லாரி வாசலில் நின்று ஹாரன் அடிக்கிறது. ஒன்றோடொன்று தொடுத்து மடித்து வரும் பில் பேப்பரில் 14 பில் அடித்தாக வேண்டும். முதல் பில் கட்டத்துக்குள் கச்சிதமாக உட்கார்ந்தது. இரண்டாவதில் பார்ட்டி பெயர் கட்டத்தின் மேல்கோட்டில் இடித்தது. ஐந்தாவதில், சிவகாசியில் அச்சடித்து வந்த எங்கள் கடைப் பெயர் மேலேயே ஏறி நின்றது. பதினோராவதில் கம்பத்துக்காரர் பெயர், அதற்கு முந்தைய போடிக்காரர் பில்லில் 'சரக்கைப் பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்துப் போடுகிற இடத்தில் விழுந்திருக்கிறது. துவரம் பருப்பு வாங்கினது ஒருத்தர், கையெழுத்துப் போட வேண்டியது இன்னொருத்தர்!

இதைப் பார்த்ததும் எங்கள் கடைப் பையன் என்ன செய்தான் தெரியுமா? "அக்கா, கொஞ்சம் ஏத்தி விடுறேன்" என்று பிரிண்டர் பக்கவாட்டில் இருக்கிற அந்தக் கறுப்பு நாபைப் பிடித்துக் கடகடவென்று திருகிவிட்டான். மிஷின் ஆனில் இருக்கும்போதே.

மதுரை கீழமாசி வீதிப் பக்கம் மொத்த மளிகையில் 14 வருஷமாக பில் போடுகிறேன். இத்தனை வருஷத்தில் என் ரத்தக் கொதிப்புக்கு வியாபாரம் காரணமில்லை, அண்ணாச்சி காரணமில்லை, அந்த நாப்தான் காரணம். ஆன் செய்த பிரிண்டரில் கையால் திருகக் கூடாது என்று அதோடு வரும் புத்தகத்திலேயே போட்டிருக்கிறது. புத்தகத்தை யார் பிரிக்கிறார்கள்? எங்கள் கடையில் அது மேசைக் காலுக்கு அண்டை கொடுத்திருக்கிறது.

ஏன் கூடாது என்று ஒரு தடவையாவது புரிந்துகொள்ளுங்கள். அந்த மிஷினுக்கு பில் எங்கே முடிகிறது, கிழிக்கிற புள்ளிக்கோடு எங்கே இருக்கிறது என்று பார்க்கக் கண் கிடையாது. பேப்பர் இருக்கிறதா, தீர்ந்துவிட்டதா, அது மட்டும்தான் தெரியும். பேப்பரை ஏற்றின இடத்திலிருந்து 'ஒரு பில் இவ்வளவு நீளம்' என்று எண்ணிக்கொண்டே நகர்த்துகிறது. கண்ணைக் கட்டிக்கொண்டு அடி எண்ணி நடக்கிறவனை நடுவில் பிடித்து இரண்டடி தள்ளிவிட்டால் என்ன ஆகும்? அவன் எண்ணிக்கை சரியாகத்தான் இருக்கும், சுவரில் மோதுவான். நீ கையால் திருகினது அதன் கணக்கில் ஏறாது தம்பி!

சரி, நாப் அன்றைக்கு இரண்டாவது குற்றவாளி. முதல் குற்றம் காலையிலேயே நடந்துவிட்டது. வெள்ளிக்கிழமை பூஜைக்காக மேசையைத் துடைத்தவர்கள் சிபியூவை நகர்த்தி, வயர்களைப் பிடுங்கி, திரும்பச் சொருகியிருக்கிறார்கள். பிரிண்டர் வயர் வேறு யுஎஸ்பி ஓட்டைக்குப் போய்விட்டது. உடனே விண்டோஸ் அதைப் புதுப் பிரிண்டர் என்று நினைத்து, பழைய பெயருக்குப் பின்னால் 'காப்பி 1' என்று ஒட்டி இன்னொன்றை உண்டாக்கிக்கொண்டது. அதில் நான் பாடுபட்டு வைத்திருந்த பேப்பர் அளவு இல்லை. ஏ4 இருக்கிறது.

எங்கள் பில் பேப்பர் 10க்கு 12 இஞ்ச், மூணு காப்பி. 12 இஞ்ச் என்றால் 304.8 மில்லிமீட்டர். ஏ4 நீளம் 297. வித்தியாசம் 7.8 மில்லிமீட்டர், ஏறத்தாழ இரண்டு வரி. ஒவ்வொரு பில்லுக்கும் அந்த இரண்டு வரி மேலே ஏறும். பத்து பில் தாண்டினால் எட்டு சென்டிமீட்டர் போய்விடும். ஏ4க்குப் பதில் 11 இஞ்ச் லெட்டர் அளவு உட்கார்ந்திருந்தால் இன்னும் வேடிக்கை. பில்லுக்கு ஒரு இஞ்ச் வீதம் ஏறி ஏறி, 12 பில் அடித்து முடிக்கும்போது 11 தாள்தான் ஓடியிருக்கும். பதின்மூன்றாவது பில் ஒன்றுமே நடக்காத மாதிரி சரியாக வரும். அதைப் பார்த்துவிட்டு "தானாவே சரியாயிருச்சுக்கா" என்பான்.

இதைச் சொல்லப் போனால் கேட்க ஆளில்லை. சாஃப்ட்வேர்காரருக்குப் போன் போட்டேன். ரிமோட்டில் வந்தார். என்ன ஏது என்று கேட்கவில்லை. பில் டிசைனைத் திறந்து மேலே இரண்டு வெற்று வரியைச் சேர்த்துவிட்டு "டாப் மார்ஜின் கூட்டியிருக்கேன் மேடம், இப்ப அடிச்சுப் பாருங்க" என்றார். அடித்தேன். முதல் பில் இரண்டு வரி கீழே இறங்கியது, இரண்டாவது சரியாக வந்தது, மூன்றாவது மறுபடி மேலே. ஐயா, ஒவ்வொரு தாளுக்கும் வளர்ந்துகொண்டே போகிற கோளாறை, ஒரே அளவாக இரண்டு வரி தள்ளி எப்படிச் சரி செய்வீர்கள்? இதே ஆள் போன வருஷமும் இப்படித்தான் மூன்று வரி சேர்த்தார். அதற்கு முன்னால் யாரோ இரண்டு வரி குறைத்திருக்கிறார்கள். எங்கள் பில் டிசைனை இப்போது திறந்து பார்த்தால் ஒட்டுப்போட்ட கோணிச் சாக்கு தோற்றுவிடும்.

அப்புறம் சர்வீஸ்காரர் வந்தார். மூடியைக்கூடத் திறக்கவில்லை. "ஹெட் வீக் ஆயிருச்சு மேடம், மாத்திரலாம்." ஹெட் என்பது எழுத்தைத் தட்டி அடிக்கிற பாகம். அது வீக் என்றால் எழுத்து மங்கும், புள்ளி விட்டுப்போகும். எழுத்து இடம் மாறுவதற்கும் ஹெட்டுக்கும் என்ன சம்பந்தம்? எனக்கு வந்த கோபத்துக்கு, அவர் கொண்டுவந்த ஸ்குரூ டிரைவரை வாங்கி... வேண்டாம்.

கடைசியில் நானே உட்கார்ந்தேன். விண்டோஸில் பிரிண்ட் சர்வர் ப்ராபர்ட்டீஸுக்குப் போய் 10க்கு 12 என்று ஒரு ஃபார்ம் உண்டாக்கி, புதிதாக முளைத்த அந்தக் 'காப்பி 1'இல் அதையே பேப்பர் அளவாகக் கொடுத்தேன். மிஷினை ஆஃப் செய்து, பேப்பரைப் பின்னால் உருவி, முதலிலிருந்து ஏற்றினேன். அவ்வளவுதான். நாலு நிமிஷம். லாரி மட்டும் ஒண்ணேகால் மணி நேரம் தாமதம், டிரைவர் திட்டினது எனக்கு. (டாஸில் ஓடுகிற பழைய பில்லிங் வைத்திருப்பவர்கள் விண்டோஸில் மாற்றிப் பிரயோஜனமில்லை. அங்கே பிரிண்டரின் சொந்த செட்டிங்கில் இருக்கிற நீளம்தான் செல்லும். இஞ்சுக்கு 6 வரி, 12 இஞ்சுக்கு 72 வரி.)

நான் கேட்பது ஒன்றுதான். கை வைப்பதற்கு முன்னால் ஐந்து பில் அடித்து வரிசையாக வைத்துப் பாருங்கள். தாளுக்குத் தாள் கூடிக்கொண்டே போகிறதா? நீளம் தப்பு. எல்லாத் தாளிலும் ஒரே அளவு தள்ளியிருக்கிறதா? ஏற்றின இடம் தப்பு, இல்லை யாரோ திருகியிருக்கிறார்கள். அரை இஞ்ச் குதித்திருக்கிறதா? ஓரத்து ஓட்டைகளுக்கு நடுவே உள்ள தூரம் சரியாக அரை இஞ்ச். அப்படியென்றால் அந்த ஓட்டைகளைப் பல்லால் பிடித்து இழுக்கிற ட்ராக்டரில் பேப்பர் ஒரு பல் தாண்டிவிட்டது. எப்படித் தாண்டும்? பில் அடித்து முடித்ததும் புள்ளிக்கோடு கிழிக்கிற இடத்துக்கு வருவதற்கு ஒரு பட்டன் இருக்கிறது. அதை அழுத்தப் பொறுமையில்லாமல் வெடுக்கென்று இழுத்துக் கிழித்தால் தாண்டாமல் என்ன செய்யும்?

கோணலாகப் போனால் மேசைக்குக் கீழே குனிந்து பாருங்கள். எங்கள் கடையில் பேப்பர் பெட்டி நேராக இருக்கவே இருக்காது. யாராவது செருப்பை விட இடம் வேண்டும் என்று காலால் தள்ளிவிட்டிருப்பார்கள். மேலே ஒருபக்கமாக இழுபட்டு ஓட்டை கிழிந்துகொண்டிருக்கும்.

அண்ணாச்சியையும் சும்மா விட முடியாது. போன மாதம் பேங்குக்கு ஒரு கடிதம் என்று லெட்டர்ஹெட் ஒரு தாளைச் சொருகினார். அதற்காக லிவரைத் தனித்தாள் பக்கம் மாற்றினார். மாற்றினவர் திருப்பி வைக்கவில்லை. மறுநாள் காலையில் நான் பில் பேப்பரை ஏற்றினால் ட்ராக்டர் ஒரு பக்கம், உருளை ஒரு பக்கம் பிடித்து இழுக்க, மூணு காப்பியும் விசிறி மாதிரி மடிந்து உள்ளே சிக்கிக்கொண்டது. இடுக்கி வைத்து எடுத்தேன்.

"லேசர் வாங்கிரலாம்" என்று அண்ணாச்சியின் அக்கா மகன் வேறு வந்துவிட்டான். காலேஜ் படிக்கிறான். தாராளமாக வாங்கலாம் தம்பி. சரக்கு விற்றால் மூன்று பிரதி போட வேண்டும் என்று 2017 ஜிஎஸ்டி விதிகளில் 48ஆவது விதி சொல்கிறது. ஒரிஜினல் வாங்குகிறவருக்கு, டூப்ளிகேட் வண்டிக்கு, டிரிப்ளிகேட் நமக்கு. இந்தக் கட்டைவண்டி ஒரே தட்டில் மூன்றையும் அடித்துத் தருகிறது. லேசரில் 14 பில்லுக்கு 42 தாள் எடுத்து, பிரித்து, வரிசை மாறாமல் பின் அடிக்க நீ தினமும் ஆறரை மணிக்கு வருவாயா? ஆள் அன்றைக்குப் போனவன்தான்.

நேற்று சாயங்காலம் ஒரு முடிவுக்கு வந்தேன். எங்கள் மிஷினில் அந்த நாப் இழுத்தால் கழன்று வந்துவிடும். கழற்றினேன். டிபன் பைக்குள் போட்டு வீட்டுக்கே கொண்டுபோய்விட்டேன். ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன்.

இன்று காலை எட்டரைக்கு அண்ணாச்சி போன். "ஏம்மா, பிரிண்டர்ல ஏதோ கழண்டு விழுந்திருக்கு போல. நீ பதறாம வா. பையன் கட்டிங் பிளேயர வச்சுத் திருகிக்கிட்டு இருக்கான்."