‘ஆறு மணி நேரம் போதும், பழகிவிட்டது’

குறைவாகத் தூங்குகிறவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் பெரும்பாலும் இந்தப் பதில்தான் வருகிறது. வேறு வழியில்லாமல் சொல்பவர்கள் இருக்கிறார்கள். கைக்குழந்தை வைத்திருப்பவர்கள், இரண்டு வேலை பார்ப்பவர்கள், இரவு ஷிப்டில் மாட்டிக்கொண்டவர்கள். அவர்களைப் பற்றிப் பின்னால் எழுதுகிறேன். இதைப் பெருமையாகச் சொல்பவர்களோடுதான் எனக்கு வழக்கு. தூக்கத்தைக் குறைத்தவன் உழைப்பாளி, நேரத்தோடு படுக்கப் போகிறவன் சோம்பேறி, கும்பகர்ணன் என்று ஒரு கணக்கு நம் அலுவலகங்களில் எப்படியோ நிலைத்துவிட்டது. காலையில் எழும்போது உடம்பு அடித்துப் போட்டாற்போல் இருப்பதும், பதினொரு மணிக்குக் கொட்டாவி விடுவதும், வேலைக்குப் போகிறவர்களின் இயல்பான நிலை என்றே பலரும் நம்பத் தொடங்கிவிட்டார்கள். அது இயல்பான நிலை கிடையாது.

‘பழகிவிட்டது’ என்ற அந்தச் சாட்சியத்தை ஏன் நம்பக் கூடாது என்பதற்கு 2003இல் வெளியான ஓர் ஆய்வு போதும். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ் வான் டோங்கன், டேவிட் டிங்கஸ் குழுவினர் செய்தது. உடல்நலத்தோடு இருந்தவர்களைப் பிரித்து, ஒரு குழுவை எட்டு மணி நேரமும், இன்னொன்றை ஆறு மணி நேரமும், மற்றொன்றை நான்கு மணி நேரமும் படுக்க வைத்தார்கள். தொடர்ந்து 14 இரவுகள். வேறொரு குழுவினர் மூன்று இரவுகள் கண்ணே மூடவில்லை. விழித்திருக்கும் நேரத்தில் எல்லோருக்கும் மீண்டும் மீண்டும் ஒரு சோதனை. கேட்டால் அற்பமாகத் தோன்றும்: திரையில் எண்கள் ஓடத் தொடங்கியதும் பொத்தானை அழுத்த வேண்டும். அடுத்தது எப்போது வரும் என்று தெரியாது. இரண்டு விநாடியில் வரலாம், பத்து விநாடியும் ஆகலாம். பத்து நிமிடம் இப்படியே உட்கார்ந்திருக்க வேண்டும். அரை விநாடி தாண்டியும் விரல் அசையவில்லை என்றால் அது ஒரு தவறல். கண் திறந்தே இருக்கும், ஆள் அங்கே இருக்க மாட்டார்.

எட்டு மணி நேரக் குழு ஏறக்குறைய அப்படியே இருந்தது. ஆறு மணி நேரக் குழுவில் தவறல்கள் நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போயின. இரண்டு வார முடிவில் ஓர் இரவு முழுக்கத் தூங்காதவர்களின் நிலைக்கு வந்துவிட்டார்கள். நான்கு மணி நேரக் குழு, இரண்டு இரவு தூங்காதவர்களின் நிலைக்குப் போய்விட்டது. என்னை உலுக்கியது இதற்கு அடுத்த தகவல். “தூக்கக் கலக்கமாக இருக்கிறதா?” என்று கேட்டபோது, முதல் சில நாட்கள் ஆமாம் என்றவர்கள், பிறகு பெரிய மாற்றம் எதுவும் சொல்லவில்லை. கலக்கம் ஓரளவோடு நின்றுவிட்டது என்றே நினைத்திருக்கிறார்கள். திறன் மட்டும் சரிந்துகொண்டே இருந்தது.

குடித்துவிட்டுத் தள்ளாடுகிறவன் “நான் நிதானமாகத்தான் இருக்கிறேன்” என்று சொல்வதற்கும் இதற்கும் அதிக வேறுபாடு இல்லை. இதைச் சும்மா சொல்லவில்லை. டாசன், ரீட் என்ற இரு ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 1997இல் இவ்விரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்தார்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கை, கண் ஒருங்கிணைப்பு, ரத்தத்தில் 0.05 சதவீதம் மதுவோடு இருப்பவரின் அளவுக்குக் குறைந்திருந்தது. பல நாடுகளில் அந்த அளவோடு வண்டி ஓட்டினால் தண்டனை. காலை ஆறு மணிக்கு எழுந்து, இரவு பதினொரு மணிக்கு வீட்டுக்கு வண்டி ஓட்டிக்கொண்டு திரும்புகிறவருக்கு அந்த 17 மணி நேரம் முடிந்துவிடுகிறது. அவரை யாரும் நிறுத்தி ஊதச் சொல்வதில்லை.

ஆகவே, தூக்கம் போதுமா என்று உங்கள் மனதைக் கேட்காதீர்கள். வேறு அடையாளங்களைப் பாருங்கள். அலாரம் இல்லாத நாளில் வழக்கத்தைவிட இரண்டு மணி நேரம் கூடுதலாகத் தூங்குகிறீர்களா? முற்பகலில், காபி குடிக்காமல் அமைதியான அறையில் உட்கார்ந்தால் கோழித்தூக்கம் வருகிறதா? ஒரே மின்னஞ்சலை மூன்றாவது முறை படித்தும் என்ன கேட்கிறார்கள் என்று பிடிபடவில்லையா? “தலையணையில் தலை வைத்ததும் தூங்கிவிடுவேன்” என்று பலர் வரம் வாங்கி வந்தவர்கள்போலச் சொல்கிறார்கள். நன்றாகத் தூங்கி எழுகிற ஒருவருக்குக் கண் அயர்வதற்கே பத்து, இருபது நிமிடம் ஆகும். தினமும் படுத்த கணமே நினைவு தப்புகிறது என்றால் தூக்கப் பாக்கி நிறையச் சேர்ந்திருக்கிறது என்று பொருள்.

எவ்வளவு தூங்க வேண்டும் என்பதில் பெரிய குழப்பம் இல்லை. அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமியும் தூக்க ஆய்வுச் சங்கமும் 2015இல் சேர்ந்து வெளியிட்ட பரிந்துரை, 18 முதல் 60 வயது வரை உள்ளவர்களுக்கு ஏழு மணி நேரமோ அதற்கு மேலோ என்கிறது. இது தூங்கிய நேரம்; படுக்கையில் கிடந்த நேரம் அன்று. பதினொரு மணிக்குப் படுத்து, அரை மணி நேரம் மொபைலைத் தள்ளிக்கொண்டிருந்து, கண் அயர இன்னொரு கால் மணி நேரம் பிடித்து, ஐந்தரைக்கு அலாரம் வைத்தவர் ஆறு மணி நேரம்கூடத் தூங்கவில்லை. ஆனால் கேட்டால் “ஆறரை மணி நேரம்” என்பார். பிறவியிலேயே குறைந்த தூக்கம் போதுமானவர்கள் உலகில் உண்டு. யிங்-ஹூய் ஃபூ என்ற அறிவியலாளரின் குழு 2009இல் அப்படிப்பட்ட ஒரு குடும்பத்தில் ஒரு மரபணு மாற்றத்தையே கண்டறிந்தது. ஆனால் அது மிக அரிது. ஒவ்வோர் அலுவலகத்திலும் நாலைந்து பேர் அந்த அரிய பிறவிகளாக இருப்பதற்கு வாய்ப்பே இல்லை.

இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. தூக்கம் இரவு முழுவதும் ஒரே மாதிரி ஓடுவதில்லை. ஏறத்தாழ 90 நிமிடத்துக்கு ஒரு சுற்று. முன்னிரவுச் சுற்றுகளில் ஆழ்ந்த தூக்கம் அதிகம். கண்மணிகள் இமைக்குள் வேகமாக உருளும் கனவுத் தூக்கம் விடியலை நெருங்க நெருங்க நீளும். இந்தக் கனவுத் தூக்கத்தை 1953இல் யூஜின் அசெரின்ஸ்கியும் நதானியல் கிளைட்மனும் உலகுக்குச் சொன்னார்கள். மனக்கொதிப்புகள் ஆறுவதிலும், கற்றது நினைவில் படிவதிலும் இதற்குப் பங்கு உண்டு. இரவு பதினொரு மணிக்குத் தூங்கி ஏழு மணிக்கு எழ வேண்டியவர் ஐந்து மணிக்கே எழுந்தால், தூக்கத்தில் கால் பங்கு போயிற்று என்று கணக்குப் போடுவார். கனவுத் தூக்கத்தில் போனது அதைவிட அதிகம். பகலெல்லாம் யார் என்ன சொன்னாலும் சுருக்கென்று கோபம் வருகிறதே, அந்த நாட்களில் முந்தைய இரவைக் கொஞ்சம் திரும்பிப் பாருங்கள்.

விழித்த உடனே மலர்ச்சி இல்லை என்று வருந்துகிறவர்களுக்கு ஒரு சொல். எழுந்த முதல் கால் மணி, அரை மணி நேரம் மந்தமாக இருப்பது நன்றாகத் தூங்கியவர்களுக்கும் நேரும். மூளை ஒரே வீச்சில் விழிப்பதில்லை. ஆழ்ந்த தூக்கத்தின் நடுவில் அலாரம் எழுப்பினால் அந்த மந்தம் கூடும். பல நாள் தூக்கக் குறைவு சேர்ந்திருந்தால் இன்னும் நீளும். அதனால் எழுந்ததும் எப்படி இருக்கிறது என்பதை வைத்து இரவை எடைபோடாதீர்கள். முற்பகலில் எப்படி இருக்கிறீர்கள் என்று பாருங்கள். அலாரத்தை அணைத்து அணைத்து அரை மணி நேரம் அரைத்தூக்கத்தில் புரள்வதைவிட, அந்த அரை மணி நேரத்துக்குப் பிறகே அலாரம் அடிக்குமாறு வைத்துவிட்டு உடையாமல் தூங்குவது மேல் என்பது என் கருத்து. எழுந்ததும் திரைச்சீலையை விலக்குங்கள், முடிந்தால் வெளியே வாருங்கள். உடலின் உட்கடிகாரம் காலை வெளிச்சத்தைப் பார்த்துத்தான் தன்னைத் திருத்திக்கொள்கிறது.

அந்தக் கடிகாரத்துக்கு ஒரு குணம் உண்டு. வெளிச்சமும் வேலை நேரமும் இல்லாமல் விட்டால் அது 24 மணி நேரத்தைவிடச் சில நிமிடம் கூடுதலாக ஓடும். சார்ல்ஸ் செய்ஸ்லரின் குழு 1999இல் அளந்தபோது சராசரியாக 24 மணி 11 நிமிடம் வந்தது. அதனால்தான் தாமதமாகப் படுப்பது நமக்கு எளிதாகவும், சீக்கிரம் படுப்பது மல்லுக்கட்டாகவும் இருக்கிறது. விடுமுறை நாளில் பதினொரு மணி வரை தூங்கினால் கடிகாரம் பின்னுக்குப் போய்விடும். அன்றிரவு பத்து மணிக்குப் படுத்தால் உடம்பு ஒப்புமா? புரண்டு புரண்டு படுத்து, ஒரு மணிக்குக் கண் அயர்ந்து, மறுநாள் ஆறு மணிக்கு அலாரம். ஊரைவிட்டு நகராமலேயே நேர மண்டலம் தாண்டிப் பறந்து வந்தவர்களின் களைப்பு. டில் ரோனபெர்க் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் இதற்கு ‘சமூக ஜெட்லாக்’ என்றே பெயர் வைத்தார். பாக்கியை அடைக்க வேண்டியதுதான். ஆனால் எழும் நேரத்தை ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளாமல், முந்தைய இரவே கொஞ்சம் சீக்கிரம் படுத்து அடைப்பது நல்லது.

காபியைப் பற்றிச் சுருக்கமாக. விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்து தூக்கத்தை வரவழைக்கிறது. காபியில் உள்ள காஃபீன் அதன் இருக்கையில் போய் உட்கார்ந்துகொள்கிறது. தூக்கக் கலக்கம் குறைந்துவிடுவதில்லை, தெரியாமல் போகிறது. பாதி காஃபீன் உடலைவிட்டு அகல ஐந்து மணி நேரம் அளவில் ஆகும், சிலருக்கு இன்னும் கூட. மாலை ஐந்து மணிக்குக் குடித்தது இரவு பத்து மணிக்கும் பாதி மிச்சம். மதியத்தோடு நிறுத்திப் பாருங்கள்.

நேரத்தோடு படுத்தும் தூக்கம் வராதவர்கள் இவ்வளவு நேரம் பொறுமையாகப் படித்திருந்தால் அவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். ‘எட்டு மணி நேரம் தூங்கியே ஆக வேண்டும்’ என்ற பதற்றமே தூக்கத்தைத் துரத்தும். தூக்கம் கண்ணைச் சொக்கும்போது மட்டும் படுக்கைக்குப் போங்கள். கால் மணி, இருபது நிமிடம் ஆகியும் வரவில்லை என்று தோன்றினால் எழுந்து, மங்கிய வெளிச்சத்தில் ஏதாவது செய்துவிட்டு, சொக்கும்போது திரும்புங்கள். நேரம் கண்ணில் படாதபடி கடிகாரத்தைத் திருப்பி வைத்துவிடுங்கள். நாட்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்பே இத்தகைய நடத்தைச் சிகிச்சையைத்தான் தர வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பு 2016இல் பரிந்துரைத்தது.

எட்டு மணி நேரம் தூங்கியும் களைப்போடே எழுபவர்கள் தங்களைச் சோம்பேறி என்று திட்டிக்கொள்ள வேண்டாம். என் பெரியப்பா அப்படித்தான். படுத்தால் வீடே அதிரக் குறட்டை; “கொடுத்து வைத்தவர், எவ்வளவு நல்ல தூக்கம்” என்று எல்லோரும் சொன்னோம். பெரியம்மாதான் கவனித்தார்: குறட்டை திடீரென்று நிற்கும், மூச்சே இருக்காது, பிறகு திணறிக்கொண்டு மறுபடி தொடங்கும். காலையில் தலைவலி, நண்பகலில் நாற்காலியிலேயே தூக்கம். பரிசோதனையில் தெரிந்தது, தூக்கத்தில் மூச்சுக்குழல் அடைபட்டு இரவெல்லாம் அவர் மூளை விழித்து விழித்து மூச்சை மீட்டுக்கொண்டிருந்தது. அவருக்கு அது நினைவிலேயே இல்லை. மூக்கில் மாட்டிக்கொள்ளும் காற்றழுத்தக் கருவி கொடுத்தார்கள். ஆஸ்திரேலியாவில் காலின் சல்லிவன் 1981இல் உலகுக்கு அறிமுகப்படுத்திய முறை. உங்கள் குறட்டை உங்களுக்குக் கேட்காது. பக்கத்தில் படுப்பவரைக் கேளுங்கள், மருத்துவரிடம் போங்கள். இரும்புச்சத்துக் குறைவு, தைராய்டு கோளாறு, மனச்சோர்வு ஆகியவையும் இதே களைப்போடு வரும்.

இனி, வேறு வழியில்லாமல் விழித்திருப்பவர்கள். இரவு ஷிப்டில் இருப்பவரிடம் “போகப் போகப் பழகிவிடும்” என்று ஆறுதல் சொல்வது எனக்குச் சினமூட்டுகிறது. பெரும்பாலானவர்களின் உட்கடிகாரம் இரவு வேலைக்கு ஏற்ப முழுமையாக மாறுவதே இல்லை. பகல் வெளிச்சம் அதைத் தினமும் பழைய இடத்துக்கே இழுத்துப்போகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, இரவு ஷிப்டு வேலையைப் ‘புற்றுநோய் விளைவிக்கும் வாய்ப்புள்ளவை’ பட்டியலில் 2007இல் சேர்த்தது. 2019இல் மறுபரிசீலனை செய்தும் நீக்கவில்லை. இவர்களிடம் போய் மொபைலைத் தள்ளி வை, காபியைக் குறை என்று உபதேசம் செய்து பயனில்லை. ஷிப்டுகளை வாரத்துக்கு வாரம் மாற்றிப் பந்தாடாமல் இருப்பது, இரண்டு ஷிப்டுகளுக்கு இடையே போதிய இடைவெளி விடுவது, இவையெல்லாம் அட்டவணை போடுகிறவர் கையில் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் வேலை நேரச் சட்டம், 24 மணி நேரத்துக்குள் தொடர்ச்சியாக 11 மணி நேர ஓய்வு தர வேண்டும் என்கிறது. அந்த 11 மணி நேரத்தில் போக்குவரத்து, சாப்பாடு, குளியல், பிள்ளைகளோடு கொஞ்ச நேரம் எல்லாம் போக ஏழு மணி நேரம் தூங்கலாம். எட்டு மணி நேர இடைவெளியில் முடியாது. இதில் மன உறுதிக்கு வேலையே இல்லை, வெறும் கழித்தல் கணக்கு.

பகல் வேலையிலும் இதே கதைதான், கண்ணுக்குத் தெரியாத வடிவத்தில். இரவு பதினொன்றரைக்கு வாட்ஸ்அப் குழுவில் “காலையில் பார்த்தால் போதும்” என்று ஒரு செய்தி போடுகிறார் மேலாளர். நல்ல எண்ணத்தில்தான் போடுகிறார். ஆனால் அதைப் பார்த்த பத்துப் பேரும் அந்த வேலையை மனதுக்குள் செய்யத் தொடங்கிவிடுகிறார்கள். மறுநாள் மீட்டிங்கில் பாதிப் பேர் கண் திறந்தபடி அங்கே இல்லாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு மணி நேரத்தில் முடிய வேண்டியது மூன்று மணி நேரம் ஆகிறது. காலையில் பார்த்தால் போதும் என்ற செய்தியைக் காலையில் அனுப்புங்கள். மறந்துவிடுமே என்று அஞ்சினால் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அல்லது காலை ஒன்பது மணிக்குப் போகுமாறு நேரம் குறித்துவிட்டுப் படுங்கள். இரவு முழுக்க விழித்து வேலையை முடித்தவருக்கு அடுத்த நாள் கூட்டத்தில் எல்லோரும் கைதட்டும் வழக்கத்தையும் நிறுத்திவிட்டு, அந்த வேலை பகலிலேயே ஏன் முடியவில்லை என்று அதே கூட்டத்தில் கேளுங்கள்.