அக்யூட்டுக்கு எதிர் மைல்ட் இல்லை

உங்கள் கட்டுரையின் எதிர்ச்சொல் அட்டவணையில் 'அக்யூட்' (திடீரென்று தொடங்கிக் குறுகிய காலம் இருப்பது) என்பதற்கு எதிர்ச்சொல் 'மைல்ட்' (லேசானது) என்று போட்டிருக்கிறீர்கள். மருத்துவத்தில் அப்படி இல்லை. அங்கே அதற்கு எதிர் 'க்ரானிக்' (நாள்பட்டது). மைல்டுக்கு எதிராக நிற்பது 'சிவியர்' (கடுமையானது). முதல் ஜோடி நோய் எப்படித் தொடங்குகிறது, எவ்வளவு காலம் இருக்கிறது என்பதைச் சொல்கிறது. இரண்டாவது அதன் கடுமையை. சாதாரண ஜலதோஷம்கூட அக்யூட்தான், ஆனால் மைல்ட். சிறுநீரக நோய் பல வருடம் மெதுவாக முற்றி டயாலிசிஸ் வரை போனால் அது க்ரானிக், கூடவே சிவியர்.

கால எல்லையும் நோய்க்கு நோய் மாறும். பெரியவர்களுக்கு இருமல் 3 வாரத்துக்குள் என்றால் அக்யூட், 8 வாரம் தாண்டினால் க்ரானிக், நடுவில் இருப்பது சப்அக்யூட். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமி 6 மாதத்துக்கு மேல் உடம்பில் தங்கினால்தான் க்ரானிக் என்பார்கள். அதே கிருமி பச்சிளம் குழந்தைக்குத் தொற்றினால் 100-ல் சுமார் 90 பேருக்கு க்ரானிக் ஆகிவிடும். பெரியவர்களில் 5-க்கும் குறைவு.

இன்னொரு வேடிக்கை, எதிர்ச்சொற்கள் என்றாலும் இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்து வரலாம். ஏற்கெனவே பழுதான சிறுநீரகம் திடீரென்று மேலும் மோசமானால், மருத்துவர்கள் 'அக்யூட் ஆன் க்ரானிக்' என்றே எழுதுவார்கள்.

ரிப்போர்ட்டில் 'க்ரானிக் கேஸ்ட்ரைடிஸ்' (இரைப்பை அழற்சி) என்று பார்த்து, நோய் முற்றிவிட்டது என்று பயப்படுகிறவர்கள் நிறைய. நாள்பட்டது என்பதற்கு மேல் அந்தச் சொல் எதுவும் சொல்லவில்லை. அட்டவணையை மட்டும் திருத்திவிடுங்கள், மற்றபடி கட்டுரை நன்று.