எட்டும் எய்ட்டும்

ஆங்கிலச் சொற்கள் தமிழிலிருந்து பிறந்தவை என்று பகிரப்படும் அந்தப் பட்டியல் மறுபடியும் வந்துவிட்டது. எட்டிலிருந்து 'எய்ட்'டாம், ஒன்றிலிருந்து 'ஒன்'னாம். கீழே மறுத்து நாலு வரி எழுதினேன். கிடைத்த பட்டம் 'தமிழ்த் துரோகி'.

ஒலி ஒத்துப்போவது சான்று ஆகாது. உறவு உண்மையென்றால் காலத்தில் பின்னே போகப்போக இரண்டு சொற்களும் நெருங்க வேண்டும். இவை விலகுகின்றன. 'எய்ட்'டின் எழுத்துக்கூட்டில் இன்று ஊமையாக நிற்கிற ஜி, எச் இரண்டும் ஒருகாலத்தில் ஒலித்தவை. லத்தீனில் அதன் உறவுச்சொல் 'ஒக்டோ'. நம் எட்டுக்குள் இருப்பதோ ணகரம். எண்பது, எண்ணூறு என்று நாம்தானே சொல்கிறோம்? 'ஒன்' பழைய ஆங்கிலத்தில் 'ஆன்', ஜெர்மனில் 'ஐன்'. எங்கே ஒன்று, எங்கே ஐன்!

உறவு எப்படி இருக்கும் என்று பாருங்கள். பால், பல், புலி, பூ, பத்து. கன்னடத்தில் ஹாலு, ஹல்லு, ஹுலி, ஹூவு, ஹத்து. சொல்லின் முதலில் நமக்குப் பகரம், அவர்களுக்கு ஹகரம், வரிசை வரிசையாக. பழங்கன்னடத்தில் அங்கேயும் பகரம்தான். இது சான்று.

"இவ்வளவு ஒற்றுமை தற்செயலா?" ஆம், தற்செயல்தான். ஆஸ்திரேலியப் பழங்குடி மொழியான ம்பாபரத்தில் நாய்க்குப் பெயர் 'டாக்'. 'குடகா' என்ற பழைய வடிவம் தேய்ந்து அப்படி ஆனது. ஆங்கிலத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

"அப்படியானால் தமிழிலிருந்து எதுவுமே போகவில்லையா?" நான் எப்போது அப்படிச் சொன்னேன்? கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர் எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கின்றன. பொருளோடு சேர்ந்து பெயரும் கப்பலேறியது. காசில் மட்டும் கவனம் வேண்டும். ரொக்கத்தைக் குறிக்கும் 'கேஷ்' பெட்டியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. இங்கே புழங்கிய சிறு செப்பு நாணயத்தை ஆங்கிலேயர் 'கேஷ்' என்றார்களே, அதுதான் நம் காசு, போர்த்துகீசியர் வாய்வழி போனது. எழுத்துக்கூட்டு ஒன்று, சொல் இரண்டு. பட்டியல்காரர்களுக்கு இரண்டும் ஒன்றுதான்.

"உனக்கு மொழிப்பற்றே இல்லையா?" இந்தக் கேள்விதான் வலிக்கிறது. சொல்லைப் பொய்யான குடும்பத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பது பற்றா? அதன் சொந்த உடன்பிறப்புகளின் பெயர்கூடத் தெரியாமல் இருப்பது பற்றா? மொழியியலாளர்கள் பரோவும் எமனோவும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதி 1961-இலேயே வந்துவிட்டது. 1984-இல் திருத்திய பதிப்பும் வந்தது. 5,500-க்கும் மேற்பட்ட பதிவுகள். பகிர்வதற்கு முன் ஒருமுறை அதைத் திறந்து எட்டைத் தேடுங்கள். கன்னட எண்டு, மலையாள எட்டு, தெலுங்கு எனிமிதி எல்லாம் பக்கத்திலேயே நிற்கும்.