பரப்பளவை அளந்தாயிற்று, குறவை மீனை யார் எண்ணுவது?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்களுக்கு இரண்டு ஏக்கர் நெல் வயல். வீட்டில் தமிழ், கிருஷி பவன் என்கிற வேளாண் அலுவலகத்தில் மலையாளம், வயலில் இரண்டும். நான்கு வருடத்துக்கு முன் பூச்சிமருந்தை நிறுத்தினேன். வரப்புக்குக் களைக்கொல்லி அடிக்காமல் புல்லை அப்படியே விட்டேன். அந்தப் போகத்திலேயே கொக்கு கூடிவிட்டது என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன். படத்தோடு இங்கேயே பதிவும் போட்டேன். பலர் பகிர்ந்தீர்கள். நான் சொன்னது தப்பு. அதைத் திருத்தத்தான் இதை எழுதுகிறேன்.

போன வருடம் ஒரு நோட்டு வாங்கினேன். வாரம் ஒரு நாள், காலை ஆறரை மணி. என் வயல் மூலையில் பத்து நிமிடம், மருந்தடிக்கிற பக்கத்து வயல் மூலையில் பத்து நிமிடம். நிற்கிற இடம் மாறக்கூடாது, நேரம் மாறக்கூடாது. அந்த வயல்காரப் பெரியப்பா, "எண்ணி என்ன கண்ணு பண்ணப்போறே? கொக்கு வர்றது பார்த்தாலே தெரியுதே" என்றார். எனக்கும் உள்ளுக்குள் அதே எண்ணம்தான்.

ஒரு போகம் எண்ணி முடித்தபோது கிடைத்த பதில் வேறு. கொக்கு எங்கே உழவு ஓடுகிறதோ அங்கே வருகிறது. டிராக்டர் சேற்றைப் புரட்டினால் பின்னாலேயே புழுவும் பூச்சியும் பொறுக்க வந்துவிடும். யார் மருந்தடித்தார், யார் அடிக்கவில்லை என்று அது பார்ப்பதில்லை. பழைய படத்தைத் தேடி எடுத்துப் பார்த்தேன். அன்றைக்கு என் வயலில் உழவு ஓடிக்கொண்டிருந்தது.

சரி, கொக்கை விடுவோம் என்று தண்ணீருக்குள் பார்த்தேன். வெள்ளைப் பீங்கான் தட்டை வரப்போரம் மெதுவாக முக்கித் தூக்கினால் தலைப்பிரட்டை, தும்பிப் புழு, நத்தைக் குஞ்சு எல்லாம் தெளிவாகத் தெரியும். என் வயலில் தட்டுக்குத் தட்டு தலைப்பிரட்டை. பெரியப்பா வயலில் பல தட்டு வெறும் தண்ணீர். இதில் சந்தோஷம்தான். ஆனால் மீன்? இரண்டு வயலிலுமே இல்லை. எங்கள் அப்பா காலத்தில் இதே வயலில் குறவையும் பனையேறிக் கெண்டையும் கையால் பிடித்திருக்கிறார்கள். மருந்தை நிறுத்தி நான்கு வருடமாகியும் ஒரு குறவை கூட ஏன் வரவில்லை?

இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையில் ஒரு ராத்திரி டார்ச்சோடு போய் நின்றேன். முதல் மழைக்குப் புதுத்தண்ணீரை எதிர்த்து ஓடையிலிருந்து வயலுக்கு மீன் ஏறும், முட்டையிட. மலையாளத்தில் ஊத்த என்பார்கள். எங்கள் ஓடைக்குச் சில வருடம் முன் மண் அரிப்பைத் தடுக்கிறோம் என்று சிமெண்ட் சுவர் கட்டினார்கள். வயல் மடைத் தண்ணீர் இப்போது இடுப்பளவு உயரத்திலிருந்து குழாய் வழியாகக் கொட்டுகிறது. அந்தக் கொட்டுகிற இடத்தில் குறவை துள்ளித் துள்ளிச் சுவரில் மோதி விழுந்துகொண்டிருந்தது. தட், தட் என்று சத்தம் மழையிலும் கேட்டது. அரை மணி நேரம் நின்றேன், ஒன்றுகூட ஏறவில்லை. அந்தச் சுவரும் மண் பாதுகாப்புப் பணிதான். எத்தனை மீட்டர், எவ்வளவு ரூபாய் என்று பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள். மீன் கணக்கு அதில் கிடையாது. சம்பந்தப்பட்ட அலுவலகத்தில் கேட்டபோது, அப்படி ஒரு கணக்கு எடுக்கச் சொல்லி உத்தரவே இல்லை என்றார்கள்.

என் கோபமெல்லாம் இங்கேதான். கேரள அரசு 2020இல் நெல்வயலை வயலாகவே வைத்திருப்பவர்களுக்கு ஹெக்டேருக்கு 2000 ரூபாய் ராயல்டி கொடுக்க ஆரம்பித்தது. நல்ல திட்டம், மனதார வரவேற்கிறேன். வயல் நிலத்தடி நீரைக் காக்கிறது, உயிர்களைக் காக்கிறது என்றுதானே இந்தப் பணம்? ஆனால் சரிபார்ப்பது வயல் வயலாக இருக்கிறதா, பரப்பளவு எவ்வளவு என்பதைத்தான். உள்ளே என்ன வாழ்கிறது என்று ஒருவரும் குனிந்து பார்ப்பதில்லை.

பார்க்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நெதர்லாந்து சாட்சி. புல்வெளிப் பறவைகள் கூடு கட்டட்டும் என்று விவசாயிகளுக்கு அரசு பணம் கொடுத்தது. 2001இல் வெளியான ஆய்வில், பணம் வாங்கிய வயலையும் வாங்காத வயலையும் ஜோடி சேர்த்து மொத்தம் 78 வயல்களில் எண்ணிப் பார்த்தார்கள். செடி வகையோ பறவை வகையோ கூடவே இல்லை. கரைப்பறவைகளில் அதிகம் காணப்படும் நான்கு இனங்கள் பணம் கொடுத்த வயலில் இன்னும் குறைவு! தேனீ வகைகளும் மலர் ஈ வகைகளும் மட்டும் கொஞ்சம் கூடியிருந்தன. எண்ணியதால்தான் எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று தெரிந்தது.

அமெரிக்காவிலும் 2002 வேளாண் சட்டம் விவசாய நிலத்தில் செய்யும் பாதுகாப்புப் பணிகளுக்கான பணத்தை உயர்த்தியபோது, அதனால் என்ன விளைந்தது என்று பார்க்க அடுத்த வருடமே ஒரு மதிப்பீட்டுத் திட்டம் தொடங்கினார்கள். காட்டுயிருக்கு அதில் தனிப் பிரிவு. அங்கே நல்ல செய்தியும் உண்டு: வடக்குப் புல்வெளிகளில் உழவை நிறுத்திப் புல் வளர்த்த நிலங்களால், 1990களில் ஆண்டுக்குச் சுமார் 20 லட்சம் வாத்துகள் கூடுதலாகப் பெருகின என்று கணக்கிட்டார்கள்.

எனக்குப் பிடித்தது ஜப்பானின் சாடோ தீவுதான். அங்கே அழிந்துபோன கொண்டை அரிவாள்மூக்கனை 2008இல் மறுபடி பறக்கவிட்டார்கள். அந்தப் பறவையின் பெயரில் அரிசிக்குச் சான்றிதழ் வேண்டுமானால், விவசாயியே வருடத்துக்கு இரண்டு முறை வயலில் இறங்கி உயிர்களை எண்ண வேண்டும். அதிகாரி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

நம்மால் முடியாதா? 2015 முதல் 2020 வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆர்வலர்கள் கேரளம் முழுக்கக் கட்டம் கட்டமாகப் பிரித்துப் பறவைகளை எண்ணி 361 இனங்களைப் பதிவு செய்தார்கள். பெரும்பாலும் சம்பளமில்லாத சாதாரண மனிதர்கள். பறவைக்கு முடிந்தது வயல் மீனுக்கும் தவளைக்கும் முடியும். ராயல்டி விண்ணப்பத்தோடு ஒரு பக்கம் கூடுதலாகச் சேருங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளைத் தட்டோடு வரச் சொல்லுங்கள். முக்கியமாக, சுவர் கட்டுவதற்கு முன் ஒரு போகம் எண்ணுங்கள், கட்டிய பிறகும் எண்ணுங்கள்.

எங்கள் பாடசேகர சமிதியில், அதாவது நெல் விவசாயிகள் குழுவில், பேசியிருக்கிறேன். வரும் மழைக்கு முன் ஒரு மடையின் கீழே கருங்கல் அடுக்கிப் படிபோலச் சரிவு அமைக்கப்போகிறோம். பக்கத்து மடையை இருக்கிறபடியே விட்டுவிடுவோம், ஒப்பிட்டுப் பார்க்க. ஊத்த பிடிப்பது 2010 சட்டப்படி தடை, அதனால் மீன் பிடிக்கும் பறி வைக்க மாட்டோம். இரண்டு மடைக்கும் ஒவ்வொரு ஆள், கையில் டார்ச்சும் நோட்டும். ஒரு மடைக்குப் பெரியப்பா தானே வருவதாகச் சொல்லியிருக்கிறார். இன்னொரு மடைக்கு நான் நிற்பேன்.