அல்லேலூயா கோரஸும் எழுந்து நின்ற ராஜாவும்

கிறிஸ்துமஸ் வந்தாலே சபை வாட்ஸ்அப் குழுக்களில் இது சுற்ற ஆரம்பித்துவிடும்: ‘இசையமைப்பாளர் ஹேண்டலின் மேசியா என்ற இசைப் படைப்பு அரங்கேறிய அன்று, அதில் வரும் அல்லேலூயா கோரஸைக் கேட்ட இங்கிலாந்தின் இரண்டாம் ஜார்ஜ் மன்னர் கண்ணீரோடு எழுந்து நின்றார், அதனால்தான் நாமும் நிற்கிறோம்.’

முதலில், மேசியா அரங்கேறியது 1742 ஏப்ரல் 13, அயர்லாந்தின் டப்ளினில். அங்கே மன்னர் இல்லவே இல்லை. சரி, லண்டன் என்றே வைத்துக்கொள்வோம். அங்கே 1743 மார்ச்சில் கோவென்ட் கார்டன் அரங்கில் பாடினார்கள், ஆனால் மன்னர் வந்ததாக அந்தக் காலத்துச் செய்தித்தாளோ கடிதமோ எதுவும் சொல்லவில்லை, ராஜா வந்திருந்தால் பத்திரிகைக்காரர்கள் சும்மா விட்டிருப்பார்களா?

கதை முதலில் தலைகாட்டுவது 1780-இல், ஜேம்ஸ் பீட்டி என்ற ஸ்காட்லாந்துக் கவிஞர் எழுதிய கடிதத்தில், அதாவது 37 வருஷம் கழித்து, அதுவும் இன்னொருவர் சொல்லக் கேட்டு. அவர்கூட, ‘சர்வவல்லமையுள்ள தேவனாகிய கர்த்தர்’ என்ற அடி வந்தபோது கூட்டம் முழுக்க மன்னரோடு சேர்ந்து எழுந்தது என்றுதான் எழுதுகிறார். மன்னர் முதலில் எழுந்தார், அழுதார் என்பதெல்லாம் பிறகு ஒட்டிக்கொண்டவை. 1806-இல் வில்லியம் ஃபோர்ப்ஸ் வெளியிட்ட பீட்டியின் வாழ்க்கை வரலாற்றில் அந்தக் கடிதம் அச்சாகியிருக்கிறது, இணையத்திலேயே தேடிப் பார்க்கலாம்.

அப்புறம், அந்தக் கோரஸ் மேசியாவின் இரண்டாம் பாகத்து முடிவில், இயேசுவின் பாடுகளும் உயிர்த்தெழுதலும் தாண்டித்தான் வருகிறது. பிறப்புப் பாட்டு அல்ல.

எழுந்து நிற்பது நல்ல வழக்கம், தாராளமாக நில்லுங்கள். அந்த மெசேஜை மட்டும் இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்.