ஜான் நியூட்டன் புயலோடு அடிமை வியாபாரத்தை விட்டுவிடவில்லை

"1748 புயலில் ஜெபித்த அன்றே ஜான் நியூட்டன் அடிமை வியாபாரத்தை விட்டார், குற்ற உணர்வும் அதோடு தீர்ந்தது" என்று எழுதியிருக்கிறீர்கள், பிரதர். இது சரியல்ல.

'அமேசிங் கிரேஸ்' பாட்டை எழுதிய நியூட்டன், கப்பல் புயலில் சிக்கியபோது ஆண்டவரை நோக்கிக் கூப்பிட்டது உண்மை. ஆனால் அதற்கு அப்புறம்தான் அடிமைக் கப்பல்களுக்குக் கேப்டனே ஆனார். 1750 முதல் 1754 வரை மூன்று பயணங்கள். அவர் கப்பல் வேலையை விட்டதுகூட திடீரென்று உடம்பு முடியாமல் போனதால்தான். 1764இல் குருவானவராகி வருஷக்கணக்கில் பிரசங்கித்தவர், அந்த வியாபாரத்தைக் கண்டித்துச் சிறு நூல் வெளியிட்டது 1788இல். கப்பலின் அடித்தட்டில் மனிதர்களை எப்படி நெருக்கி அடுக்கினார்கள் என்பதை அதில் விவரமாக எழுதி, தானும் அதற்குக் கருவியாக இருந்ததை வெட்கத்தோடு ஒப்புக்கொண்டார்.

ஏன் சொல்கிறேன் என்றால், ஒரே ஜெபத்தில் உறுத்தல் போகவில்லையே, நமக்கு விசுவாசம் இல்லையோ என்று தவிக்கிறவர்களும் இதைப் படிப்பார்கள். மன்னிப்பு கிருபையால் கிடைக்கிறது, அதை முழுமனதாக நம்புகிறேன். ஆனால் செய்ததை ஊரறியச் சொல்ல நியூட்டனுக்கு 40 வருஷம் ஆனது. பைபிளில் வரும் வரி வசூலிக்கிற சகேயுவோ, இயேசுவைச் சந்தித்த அன்றைக்கே, ஏமாற்றி வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்று அவர் முன்னால் நின்று சொன்னான்.