படம் இல்லாத பற்சில்லு

முல்லைத்தீவுப் பக்கத்துக் கிராமமொன்றின் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கட்டடத்தில், கச்சான் கோது உடைக்கும் மின் இயந்திரம் ஒன்று மூன்று வருடங்களாகச் சாக்குப் போர்த்திக் கிடக்கிறது. போருக்குப் பின் வந்த உதவித் திட்டமொன்று கொடுத்தது. முதற் போகத்திலேயே உள்ளிருந்த பிளாஸ்டிக் பற்சில்லில் பல் உடைந்தது. தனிச் சில்லு விற்பதில்லை, முழுத் தொகுதியாகத்தான் வாங்க வேண்டும் என்றார் கொழும்பு முகவர். கிளிநொச்சியில் கடைச்சல் பட்டறை வைத்திருந்த அண்ணை ஒருவர் உடைந்த துண்டுகளை மேசையில் பொருத்திப் பார்த்துவிட்டு, பழைய உழவு இயந்திரமொன்றின் உருக்கில் புதிய சில்லை ஒரே நாளில் வெட்டிக் கொடுத்தார். அது இரண்டு போகம் ஓடியது. அதுவும் தேய்ந்தபோது அவர் கனடாவில் இருந்தார்.

தேய்ந்த சில்லில் பல்லை எண்ணலாம். ஆனால் பல்லின் உயரம் எவ்வளவு, எந்த உருக்கு, எப்படிச் சூடேற்றிப் பதமாக்கினார் என்பதற்கு எவரிடமும் ஒரு துண்டுக் கடதாசி இல்லை. அன்று நானும் பக்கத்தில்தான் நின்றேன். கைப்பேசியில் அவரைப் படமெடுத்தேனே தவிர, சில்லை அளவெடுக்கவில்லை.

திறந்த வன்பொருள் என்ற பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு இந்தச் சில்லுதான் நினைவுக்கு வருகிறது. ஒரு பொருளின் வரைபடம், உதிரிப் பட்டியல், செய்முறை ஆகியவற்றை வெளியிட்டு, அதைப் படிக்கவும் மாற்றவும் செய்யவும் விற்கவும் எவருக்கும் உரிமை கொடுப்பதே அதன் பொருள். 2011இல் ஐரோப்பாவின் சேர்ன் பௌதிக ஆய்வுகூடம் வெளியிட்ட வன்பொருள் உரிமம் இதற்குச் சட்ட வடிவம் கொடுத்தது. இதில் விற்கும் உரிமையைப் பலர் கவனிப்பதில்லை. பட்டறைக்காரர் தன் உழைப்புக்குக் கூலி பெற முடியாத எந்த ஏற்பாடும் நம் ஊரில் ஒரு போகத்தைக்கூடத் தாண்டாது.

நமக்குக் கைத்திறன் பஞ்சம் என்று எவரும் சொல்ல முடியாது. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் சில துளி பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்கள், சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டவர்கள் நாம். அவ்வளவும் கண்ணால் கண்டு கையால் பழகிய வித்தை. எவரும் எழுதி வைக்கவில்லை. அதனால்தான் 2022இல் எரிபொருளும் உதிரிப் பாகங்களும் இல்லாமற்போனபோது, என் ஒழுங்கையில் இருந்த இளைஞர்கள் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. முகவர் அறிவைப் பூட்டி வைக்கிறார் என்று குறைப்பட்டுக்கொள்ளும் நாம், நம்முடையதை மறதிக்குக் கொடுத்துவிட்டோம்.

கச்சானுக்கே திரும்புகிறேன். 2001இல் மாலி நாட்டுக்குப் போன ஜொக் பிராண்டிஸ் என்பவர், அங்கே பெண்கள் கையால் கோது உடைப்பதைக் கண்டு, பின்னர் கொங்கிறீற்றால் ஒரு கை இயந்திரத்தை உருவாக்கினார். ஃபைபர்கிளாஸ் அச்சில் சீமெந்துக் கலவையை வார்த்து, சில இரும்புத் துண்டுகளைப் பொருத்தினால் போதும். மணிக்குச் சுமார் 50 கிலோ உடைக்கும், மின்சாரமும் வேண்டாம். வடிவமைப்பை அவர் மறைக்கவில்லை. சீமெந்து விற்காத ஒரு சந்தி வன்னியில் உண்டா? சாக்குப் போர்த்திக் கிடக்கும் அந்த மின் இயந்திரத்துக்குப் பதிலாக, அச்சு ஒன்றும் பயிற்சி ஒன்றும் வந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

பிரான்சில் லத்தெலியே பெயிசான் என்ற கூட்டுறவு அமைப்பு, விவசாயிகளைக் கூட்டி, அவர்களே வெல்டிங் பழகித் தங்கள் கருவிகளைச் செய்துகொள்ள உதவுகிறது, வரைபடங்களையும் வெளியிடுகிறது. புனேக்கு அருகிலுள்ள பாபல் கிராமத்தில் 2002இலேயே ஃபாப் லாப் எனப்படும், எவரும் வந்து பொருள் செய்து பழகும் பட்டறை தொடங்கிவிட்டது. இவை நம்மால் எட்ட முடியாத விடயங்கள் அல்ல.

அதற்காக எல்லாவற்றையும் ஊரிலேயே செய்துவிடலாம் என்று நான் சொல்ல வரவில்லை. உருக்கும் இலத்திரனியற் சில்லுகளும் (இதுவும் சில்லுதான்!) கப்பலில்தான் வரும். அமெரிக்காவில் 2003இல் தொடங்கிய ஓப்பன் சோர்ஸ் ஈகாலஜி என்ற அமைப்பு, ஒரு சமூகத்துக்கு வேண்டிய 50 இயந்திரங்களையும் திறந்த வடிவில் தர முனைந்து, இன்னும் பட்டியலை முடிக்கவில்லை. அடுத்த உதவித் திட்டம் முப்பரிமாண அச்சுப்பொறியை இறக்கி, ரிபன் வெட்டிப் படமெடுத்துப் போய்விடுமோ என்ற பயமும் எனக்கு உண்டு. அச்சுப்பொறி பிறகு வரட்டும். அளவுகோலும் கொப்பியும் முதலில் வரட்டும்.

கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் 2014 முதல் இயங்குகிறது. அங்கிருந்து சைக்கிள் ஓட்டும் தூரத்தில் பட்டறைகள் இருக்கின்றன. மாணவர் ஒருவர் ஒரு பட்டறையில் ஒரு மாதம் இருந்து, அங்கே செய்யப்படும் பொருட்களைத் தமிழில் வரைந்து, செய்தவரின் பெயரோடும் சம்மதத்தோடும் வெளியிட்டால், அது ஓர் இறுதியாண்டுச் செயற்திட்டத்துக்குப் போதாதா? வாத்தியார்மார் கோபிக்கக் கூடாது.

கனடாவில் இருக்கும் அண்ணையிடம் கேட்டுவிட்டேன். வீடியோ அழைப்பில் வருவதாகச் சொல்லியிருக்கிறார். வரும் மாதம் முதல் ஞாயிறு காலை சாக்கை விலக்கி, சில்லைக் கழற்றி அளவெடுக்கப் போகிறோம். வேணியர் இடுக்கிமானி வைத்திருப்பவர்கள் தயவுசெய்து கொண்டு வாருங்கள். சங்கத்து அக்காமார் தேத்தண்ணிக்குப் பொறுப்பு.